விலை உயர்ந்த மாதிரி ஹெலிகாப்டர்: வாங்குவது, கட்டுவது, பறக்கவிடுவது

700 வகுப்பு என்று சொல்லப்படும் ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டரின் முதன்மைச் சுழலியில் ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு கார்பன் பிளேடுகள் இருக்கும். ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்தால் சுமார் 1.58 மீட்டர் வரும். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்ற வேகத்தில் அது சுழலும்போது, பிளேடின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 165 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இருநூறு கிராம்கூட எடை இல்லாத அந்தப் பிளேடு, தன்னைப் பிடித்திருக்கும் போல்ட்டை 300 கிலோவுக்கும் அதிகமான எடைக்குச் சமமான விசையோடு வெளிப்புறமாக இழுக்கிறது. 2013-ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அனுபவமுள்ள ஓர் இளைஞர், தாம் பறக்கவிட்ட ஹெலிகாப்டரே தம்மைத் தாக்கியதால் உயிரிழந்தார். ஆகவே இதை விலை கூடிய விளையாட்டுப் பொருள் என்று எண்ணி வாங்கக் கூடாது. அளவில் சிறிய, ஆனால் முழுமையான ஒரு வான்கலம் என்று எண்ணியே வாங்க வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கில் பெரும்பணத்தை இழந்தவர்களில் பலர் பறக்கத் தெரியாமல் இழந்தவர்கள் அல்லர். இறுக்காமல் விட்ட ஒரு திருகு, தேய்ந்த ஒரு பேரிங், தளர்ந்த ஓர் இணைப்புக் கம்பி என்று மேசையில் இருக்கும்போதே கண்டிருக்க வேண்டிய சிறு குறையால் இழந்தவர்களே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இங்கே பறக்கும் திறனைவிடக் கட்டுவதற்கும் சரிபார்ப்பதற்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை, எப்போது வாங்குவது

ஹெலிகாப்டர்களின் அளவை 380, 450, 500, 600, 700 என்று எண்களால் குறிப்பது வழக்கம். 600, 700 போன்ற பெரிய வகுப்புகளில் அந்த எண் ஏறத்தாழ பிளேடின் நீளத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. 450 என்பது பழைய கணக்கு. அதன் பிளேடு வழக்கமாக 325 மில்லிமீட்டர்தான். அளவு கூடக்கூட ஹெலிகாப்டர் காற்றில் அலைக்கழியாமல் நிற்கும். தொலைவிலும் அதன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். எனவே பறப்பதற்குப் பெரியதுதான் எளிது. ஆனால் விழும்போது ஆகும் செலவும், அருகில் நிற்பவருக்கு நேரும் ஆபத்தும் அதே அளவுக்குக் கூடுகின்றன.

பிட்ச், அதாவது பிளேடின் சாய்கோணம், மாறாத எளிய ஹெலிகாப்டர்கள் சுழலும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே ஏறி இறங்குகின்றன. விலை உயர்ந்தவை அனைத்தும் பிட்ச் மாறும் வகையைச் சேர்ந்தவை. சுழலியின் வேகம் ஏறக்குறைய மாறாமல் இருக்க, பிளேடுகளின் சாய்கோணம் மட்டும் மாறும். இதனால்தான் அவை தலைகீழாகவும் பறக்கின்றன, மோட்டார் நின்ற பிறகும் பத்திரமாகத் தரையிறங்குகின்றன. முதல் வகையில் பழகிய கை இரண்டாம் வகைக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஆகவே தொடக்கத்திலிருந்தே பிட்ச் மாறும் வகையில் பழகுவது நல்லது.

உள்ளங்கை அளவுள்ள நுண் ஹெலிகாப்டரில் தொடங்குங்கள் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். அது விரல்களுக்குப் பயிற்சி தரும் என்பது உண்மைதான். ஆனால் திருகு, பேரிங், இணைப்புக் கம்பி ஆகியவற்றைப் பற்றி அதிலிருந்து கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. 380 முதல் 450 வரையிலான வகுப்பில், தனித்தனிப் பாகங்களாக வரும் ஒரு கிட்டை வாங்கி, அதை நீங்களே கட்டி, சில மாதங்கள் பறக்கவிட்டு, ஒருமுறையாவது விழுந்து, மீண்டும் கட்டிய பிறகு 700-க்குச் செல்வதே சரியான வழி என்று கருதுகிறேன். பெரியதை வாங்கும்போது, கட்டி முடித்த நிலையில் வருவதைவிடக் கிட்டாக வருவதையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு திருகையும் தம் கையால் போட்டவருக்கே எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது தெரியும்.

தைவானின் அலைன், இத்தாலியின் எஸ்ஏபி, ஜெர்மனியின் மிகாடோ ஆகியவை நெடுங்காலமாகப் பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள். இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதத்துக்கு முடிவே இல்லை. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மாடலின் ஸ்பிண்டில் ஷாஃப்ட் (இரு பிளேடுகளையும் சுழலியின் மையத்தோடு இணைக்கும் தண்டு), முதன்மை ஷாஃப்ட், முதன்மை கியர், வால் குழாய் ஆகிய நான்கும் எனக்கு ஒரு வாரத்துக்குள் கிடைக்குமா? கிடைக்காது என்றால், எவ்வளவு உயர்ந்த ஹெலிகாப்டராக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம். பறந்த நாட்களைவிட அலமாரியில் கிடந்த நாட்களே அதிகமாகிவிடும்.

கிட்டின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பிறகு திண்டாடுகிறார்கள். மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பிளேடுகளின் சாய்கோணத்தை மாற்றும் தட்டான சுவாஷ் பிளேட்டுக்கு மூன்றும் வாலுக்கு ஒன்றுமாக நான்கு சர்வோக்கள் (கட்டளைக்கேற்பப் பாகங்களை நகர்த்தும் சிறு மோட்டார்கள்), அசைவை உணர்ந்து திருத்தும் கைரோ கருவி, கட்டளையை வாங்கும் ரிசீவர், கையில் பிடித்துக் குச்சிகளால் இயக்கும் டிரான்ஸ்மிட்டர், பேட்டரிகள், சார்ஜர், அந்தச் சார்ஜருக்கான மின்வழங்கி, நல்ல அறுகோணச் சாவிகள் என்று எல்லாவற்றையும் கூட்டினால், மொத்தச் செலவில் கிட்டின் பங்கு பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். இவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள் இரண்டு: ஒன்று வால் சர்வோ, மற்றொன்று சர்வோக்களுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தரும் பகுதி. பறக்கும்போது அந்த மின்சாரம் ஒரு நொடி தடைபட்டாலும் கட்டுப்பாடு முழுவதும் போய்விடும். ஆகவே பெரிய ஹெலிகாப்டரில் அதற்கென ஒரு சிறிய மாற்று பேட்டரியை வைப்பதை நான் விருப்பத்துக்கு விட்டுவிட மாட்டேன். கட்டாயம் என்றே சொல்வேன்.

சிமுலேட்டர்

ஹெலிகாப்டரை வாங்குவதற்கு முன்பே டிரான்ஸ்மிட்டரை வாங்கி, கணினியில் சிமுலேட்டரோடு இணைத்துப் பழகத் தொடங்குங்கள். ரியல்ஃப்ளைட், நெக்ஸ்ட், ஹெலி-எக்ஸ் போன்றவற்றில் எதுவானாலும் போதும். பறக்கவிடப் போகும் அதே டிரான்ஸ்மிட்டரில் பழகுவதே முக்கியம். ஏனென்றால் குச்சிகளின் இறுக்கமும் சுவிட்சுகள் இருக்கும் இடமும் கைக்குப் பழக்கமாக வேண்டும். எந்தக் குச்சி எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதற்கு மோட் 1, மோட் 2 என இரு முறைகள் பரவலாக உள்ளன. உங்கள் பகுதியில் பறக்கவிடுபவர்கள் எதைப் பின்பற்றுகிறார்களோ அதையே தேர்ந்தெடுத்தால், அவசரத்தில் அவர்கள் உங்கள் டிரான்ஸ்மிட்டரை வாங்கி உதவ முடியும்.

முதலில் ஹெலிகாப்டரின் வால் உங்களை நோக்கியிருக்க, ஒரே இடத்தில் நிறுத்தி ஹோவர் செய்யப் பழக வேண்டும். பிறகு இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிய நிலையில் ஹோவர் செய்ய வேண்டும். கடைசியில் மூக்கு உங்களை நோக்கியிருக்கும் நிலை வரும். இங்கேதான் பலருக்கும் பொறுமை தீர்ந்துபோகிறது. மூக்கு நம்மைப் பார்க்கும்போது இடமும் வலமும் மாறிவிடுகின்றன, முன்னும் பின்னும் மாறிவிடுகின்றன. அந்த மாற்றத்தை மூளை கணக்குப் போட்டுச் செய்யும் வரை அது திறமை ஆகாது. விரல் தானாகச் சரியான பக்கம் நகர்ந்த பிறகுதான் திறமை ஆகும். ஹோவர் சலிப்பூட்டுகிறது என்று இந்த நிலையைத் தாண்டி வட்டமடிக்கவும் குட்டிக்கரணம் போடவும் ஓடியவர்கள், நிஜ ஹெலிகாப்டர் எதிர்பாராமல் தங்களை நோக்கித் திரும்பிய நொடியில் தவறான பக்கம் குச்சியைத் தள்ளுகிறார்கள். சிமுலேட்டரில் காற்றின் வேகத்தைக் கூட்டி, எட்டுத் திசைகளில் எந்தத் திசையில் நின்றாலும் ஒரு பேட்டரி நேரம் முழுவதும் பதறாமல் நிறுத்த முடிகிறது என்றால், வெளியே போகலாம்.

மோட்டார் நின்றுவிட்டால் தரையிறங்கும் ஆட்டோரொட்டேஷனையும் அங்கேயே பழகிவிடுங்கள். சுழலியின் அடியிலுள்ள ஒருவழிப் பேரிங், மோட்டார் நின்றாலும் சுழலி தானாகச் சுழல இடம் கொடுக்கிறது. பிட்சைச் சற்று எதிர்த்திசையில் வைத்து இறங்கும்போது, கீழிருந்து மேல் நோக்கி வரும் காற்றே சுழலியின் வேகத்தைக் காக்கும். தரையை நெருங்கியதும் மூக்கை உயர்த்தி முன்வேகத்தைக் குறைத்து, சுழலியில் சேர்ந்திருக்கும் ஆற்றலை நேர்ப் பிட்சாக மாற்றி மெல்ல இறக்க வேண்டும். அந்த ஆற்றல் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்.

மேசையில் நடக்கும் வேலை

1970-களில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் போன்ற முன்னோடிகள் கட்டிய ஹெலிகாப்டர்களில், பிளேடுகளுக்குக் குறுக்கே சிறு துடுப்புகளைத் தாங்கிய ஃப்ளைபார் என்ற கம்பி சுழன்று நிலைத்தன்மையைக் கொடுத்தது. ஏறத்தாழ 2010-க்குப் பிறகு அந்தக் கம்பியை நீக்கிவிட்டு, மூன்று அச்சுகளிலும் அசைவை உணரும் மின்னணுக் கைரோ கருவியே அந்த வேலையைச் செய்கிறது. இது பெரிய வசதி. ஆனால் ஓர் ஆபத்தும் இதில் உண்டு: பழைய ஹெலிகாப்டரில் ஒரு பாகம் தளர்ந்தால் அது உடனே பறப்பில் தெரியும், இன்றைய கருவியோ அந்தக் குறையைத் தன் திருத்தங்களால் மூடிவிடுகிறது. பறப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாகம் தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே இக்காலத்தில் கண்ணாலும் விரலாலும் செய்யும் சோதனை முன்பைவிட அவசியமாகிவிட்டது.

கட்டும்போது, உலோகத்தில் இறங்கும் ஒவ்வொரு உலோகத் திருகுக்கும் அது தளராமல் பூட்டும், நடுத்தர வலிமையுள்ள, நீல நிறத் த்ரெட்லாக் திரவம் இட வேண்டும். அதற்கு முன் திருகிலும் துளையிலும் இருக்கும் எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் அந்தத் திரவம் பிடிக்காது. ஒரு துளி மட்டும் போதும், மிகுதியானது பேரிங்குக்குள் ஓடிவிடும். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுக்கு இதை இடக் கூடாது. சில பிளாஸ்டிக்குகள் இதனால் வெடித்துப்போகும். தொழிற்சாலையிலேயே பூட்டி வந்த பாகங்களையும் கழற்றிப் பார்த்துவிட்டே பொருத்துங்கள். சில நிறுவனங்கள் அவற்றைத் தற்காலிகமாகத்தான் பூட்டி அனுப்புகின்றன. இது கையேட்டில் ஒரு வரியாக மட்டும் இருக்கும்.

பிளேடைப் பிடிக்கும் கிரிப்புக்குள் ஒரு த்ரஸ்ட் பேரிங் இருக்கும். முதலில் சொன்ன 300 கிலோ இழுவையைத் தாங்குவது இதுதான் என்பதால், இதை மட்டும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். இரண்டு வட்டத் தகடுகளும் அவற்றுக்கு நடுவே குண்டுகளைத் தாங்கிய ஒரு கூடும் சேர்ந்ததே இந்தப் பேரிங். இரு தகடுகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்றின் உள்துளை மற்றதைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். ஸ்பிண்டில் ஷாஃப்டில் செருகிப் பார்த்தால் ஒன்று இறுக்கமாகவும் மற்றது சற்றுத் தளர்வாகவும் இருப்பது விரலுக்குத் தெரியும். தளர்வானது சுழலியின் மையத்தை நோக்கி உட்புறம் இருக்க வேண்டும், இறுக்கமானது பிளேடை நோக்கி வெளிப்புறம் இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் தகடு ஷாஃப்டில் உரசும். பிட்ச் மாறுவது கடினமாகி, சர்வோக்கள் வீணாக உழைக்கும். குண்டுகளின் மேல் கிரீஸ் தாராளமாக இருக்கட்டும். ஸ்பிண்டிலின் இரு முனைத் திருகுகளுக்கும் த்ரெட்லாக் இட்டு இறுக்கிய பின், கிரிப்பைச் சுழற்றிப் பார்த்தால் சொரசொரப்பே இல்லாமல் திரும்ப வேண்டும்.

இணைப்புக் கம்பிகளின் முனையிலுள்ள பிளாஸ்டிக் பந்து இணைப்புகள் தன் எடையாலேயே சாயும் அளவுக்கு எளிதாக நகர வேண்டும். ஆனால் ஆட்டிப் பார்த்தால் இடைவெளி இருக்கக் கூடாது. பல தயாரிப்பாளர்கள் இவற்றின் ஒரு பக்கத்தில் எழுத்துப் பொறித்திருப்பார்கள், அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி பந்தில் மாட்ட வேண்டும். மோட்டாரின் சிறு பல்சக்கரத்துக்கும் முதன்மை கியருக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து நெருக்கிவிட்டு, மோட்டாரை இறுக்கிய பின் அதை உருவினால் தேவையான இடைவெளி கிடைக்கும். கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் இறுகவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் சட்டத்தின் விளிம்புகள் கத்தியைப்போல் கூர்மையாக இருக்கும்; வயர் உரசும் இடங்களை அரம் கொண்டு மழுங்கச் செய்து, வயருக்கு உறையும் போட வேண்டும். கார்பன் ரேடியோ அலைகளைத் தடுக்கும் என்பதால் ரிசீவரின் இரண்டு ஆன்டெனா நுனிகளும் சட்டத்தைவிட்டு விலகி, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்க வேண்டும்.

அடுத்தது அமைப்பு வேலை. இதைச் செய்யும்போது பிளேடுகள் ஹெலிகாப்டரில் இருக்கக் கூடாது. மோட்டாரின் வயர்களையும் கழற்றிவிட வேண்டும். சர்வோக் கைகள் நடுநிலையில் செங்கோணமாக நிற்பதையும், சுவாஷ் பிளேட் மட்டமாக இருப்பதையும், குச்சி நடுவில் உள்ளபோது பிட்ச் 0 பாகையாக இருப்பதையும் பிட்ச் அளவி கொண்டு உறுதிசெய்யுங்கள். தலைகீழாகவும் சாகசமாகவும் பறக்கும் 3டி பறப்புக்கு நேரும் எதிருமாக ஏறக்குறைய 12 பாகை வைப்பார்கள். தொடக்கத்தில் 10 பாகை போதும். பின்னர் ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். கைரோ சரியாக அமைந்திருந்தால் சுவாஷ் பிளேட் பின்பக்கம் சாய்ந்து எதிர்க்கும். வலப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம் சாய வேண்டும். மூக்கை இடப்பக்கம் திருப்பினால், நீங்கள் வலப்பக்கம் திருப்பக் கட்டளை கொடுத்ததுபோல் வால் சர்வோ நகர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தலைகீழாக இருந்தாலும் ஹெலிகாப்டர் தரையைவிட்டு எழும்பும் நொடியிலேயே கவிழ்ந்துவிடும், அல்லது கட்டுப்பாடில்லாமல் சுழலும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து, சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைந்திருப்பதையும் சோதித்துவிடுங்கள்.

பேட்டரி

பெரிய மின்சார ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் 12 செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில் இயங்குகின்றன. ஆறு செல் கொண்ட இரண்டைத் தொடராக இணைப்பது வழக்கம். ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஆக 12 செல்லும் சேர்ந்து முழுச் சார்ஜில் 50.4 வோல்ட் ஆகிறது. இந்த அழுத்தத்தில் இணைப்பியைச் செருகும்போது தீப்பொறி பறந்து முனைகளைக் கரித்துவிடும் என்பதால், பொறி வராமல் தடுக்கும் இணைப்பிகளையே பயன்படுத்துங்கள்.

சார்ஜ் செய்யும்போது அருகில் ஆள் இருக்க வேண்டும், எரியக்கூடிய பொருள் அருகில் இருக்கக் கூடாது. 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர் என்ற அளவில் சார்ஜ் செய்வதே அதன் ஆயுளுக்கு நல்லது. பறந்து வந்த சூட்டோடு சார்ஜரில் மாட்டக் கூடாது. அடுத்த சில நாட்களுக்குப் பறக்கப் போவதில்லை என்றால், செல் ஒன்றுக்கு 3.8 முதல் 3.85 வோல்ட் வரையிலான சேமிப்பு நிலைக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் விட்டுவிடுவதால் கெடும் பேட்டரிகளே அதிகம். உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்துவது பற்றிய யோசனையே வேண்டாம்.

பறக்கும் நேரத்தை ஊகத்தால் தீர்மானிக்காதீர்கள். முதலில் டைமரை மூன்று நிமிடத்துக்கு வைத்துப் பறந்து, பிறகு சார்ஜர் எவ்வளவு மில்லி ஆம்பியர் மணியைத் திருப்பி ஏற்றியது என்று பாருங்கள். 5,000 கொள்ளளவில் 2,000 செலவாகியிருந்தால், 80 விழுக்காடான 4,000-ஐத் தாண்டாமல் ஆறு நிமிடம் வரை பறக்கலாம் என்று ஆகிறது; டைமரை ஐந்தரை நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பறக்கும் விதம் கடுமையாக மாறினால் இந்தக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

களத்தில்

இடத்தைப் பொறுத்தவரை, மக்கள் நடமாட்டமோ வீடுகளோ மின்கம்பிகளோ இல்லாத திறந்த வெளி வேண்டும். மாதிரி விமானக் கழகம் ஒன்று இருந்தால் அதில் சேர்ந்து அதன் களத்தையே பயன்படுத்துவது எல்லா வகையிலும் நல்லது. பதிவு, உயர வரம்பு, காப்பீடு ஆகியவற்றுக்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். அவற்றைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அறிவிப்பையே நேரில் படித்துவிடுங்கள்.

முதல் நாளில் டிரான்ஸ்மிட்டரின் ஆற்றலைக் குறைத்து, சிக்னல் எட்டும் தொலைவைப் பார்க்கும் ரேஞ்ச் சோதனை செய்யுங்கள். பேட்டரியைச் செருகும் முன் த்ராட்டில் ஹோல்டு சுவிட்ச் போடப்பட்டிருக்க வேண்டும். மோட்டாரை முற்றாக நிறுத்தி வைக்கும் இந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது விரலுக்குக் கண்ணை மூடியும் தெரிய வேண்டும். பிளேடு போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பார்க்க, ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பிளேடுகள் தன் எடையால் மடங்கக் கூடாது, லேசாக உதறினால் மடங்க வேண்டும். பிறகு ஹெலிகாப்டரைத் தரையில் வைத்துவிட்டு, குறைந்தது பத்து மீட்டராவது விலகி நின்ற பிறகே த்ராட்டில் ஹோல்டை விடுவிக்க வேண்டும். சுழலி வேகமெடுக்கும்போது அதன் தளத்துக்கு நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

முதல் பறப்புக்கு நிமிடத்துக்கு 1,600 சுற்று அளவிலான மிதமான வேகம் போதும். சட்டம் அதிர்கிறதா, வால் நடுங்குகிறதா, புதிய ஒலி ஏதேனும் கேட்கிறதா என்று கவனியுங்கள். வால் இடமும் வலமும் விரைவாக ஆடினால் கைரோவின் கெயின், அதாவது அது திருத்தும் வேகம், மிகுதியாக இருக்கிறது, குறைக்க வேண்டும். பிளேடுகள் இரண்டும் ஒரே தளத்தில் சுழலாமல் ஒன்று மேலாகவும் ஒன்று கீழாகவும் தெரிந்தால், இறக்கிவிட்டு, ஒரு பிளேடின் இணைப்புக் கம்பியை ஒரு சுற்று மட்டும் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள். ஹோவரில் ஹெலிகாப்டர் சற்று வலப்பக்கம் சாய்ந்து நிற்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையில் சுழலும் முதன்மைச் சுழலியின் எதிர்விசையைத் தடுக்க வால் சுழலி இடப்பக்கமாகத் தள்ளுகிறது, அதை ஈடுகட்டவே அந்தச் சாய்வு. மூன்று நிமிடத்தில் இறக்கி, மோட்டாரையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் பேட்டரியையும் தொட்டுச் சூட்டைப் பாருங்கள்; பின்னர் எல்லாத் திருகுகளையும் ஒரு முறை சாவியால் தொட்டுவிட்டு அடுத்த பேட்டரிக்குப் போகலாம்.

பறக்கப் பழகியவர்களையும் ஏமாற்றுவது செங்குத்தாக வேகமாக இறங்குவதுதான். தன் சுழலி கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ஹெலிகாப்டர் அமிழும்போது, பிட்சைக் கூட்டினால் இறக்கம் நிற்காமல் இன்னும் வேகமாகக்கூட மாறலாம். அப்போது முன்னோக்கி நகர்ந்து கலங்காத காற்றுக்குள் போவதே வழி. இறங்கும்போதே சற்று முன்வேகத்தை வைத்துக்கொண்டால் இந்த நிலை வரவே வராது. பல கைரோ கருவிகளில் ஒரு சுவிட்சைத் தட்டினால் ஹெலிகாப்டரை நிமிர்த்தி மேலே ஏற்றும் மீட்பு வசதி இருக்கிறது. அதை அமைத்துக்கொள்ளுங்கள், போதுமான உயரத்தில் வைத்து அது சரியாக வேலை செய்வதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆனால் தரைக்கு ஒரு மீட்டர் மேலே அது காப்பாற்றும் என்று நம்பிப் பறக்காதீர்கள்.

விழப்போகிறது என்பது உறுதியானதும் செய்ய வேண்டிய ஒரே செயல் த்ராட்டில் ஹோல்டைத் தட்டுவது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தரையில் மோதினால் கியர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சில சமயம் பேட்டரி என்று சேதம் பெருகும். மோட்டார் நின்றிருந்தால் பெரும்பாலும் பிளேடுகள், ஸ்பிண்டில், முதன்மை ஷாஃப்ட், வால் குழாய் ஆகியவற்றோடு முடியும். இந்தத் தருணத்துக்கான விரல் அசைவைச் சிமுலேட்டரிலேயே ஒவ்வொரு வீழ்ச்சியின்போதும் பழகியிருக்க வேண்டும்.

விழுந்த பிறகு

முதலில் பேட்டரியைக் கழற்றி, திறந்த வெளியில் தனியாக வைத்து அரை மணி நேரமாவது கவனியுங்கள். உள்ளே நசுங்கிய செல் தாமதமாகவும் தீப்பிடிக்கும். அதை வண்டிக்குள் வைக்க அவசரப்பட வேண்டாம். தரையைத் தொட்ட கார்பன் பிளேடு வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே பிளந்திருக்கலாம் என்பதால், அதை ஒட்டியோ தேய்த்தோ மறுபடி பயன்படுத்தக் கூடாது. வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி முறித்தே எறிய வேண்டும். ஸ்பிண்டில், முதன்மை ஷாஃப்ட் இரண்டையும் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் அடியில் வெளிச்சம் தெரிந்தால் அது வளைந்துவிட்டது. வளைந்த ஷாஃப்டை நிமிர்த்தும் முயற்சி வேண்டாம். சர்வோக்களைக் கையால் மெல்லத் திருப்பினால், பல் போன இடத்தில் ஒரு தடுக்கல் தெரியும். மாற்றிய பாகங்களைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், எந்தப் பேரிங் எத்தனை பறப்புகளுக்கு ஒருமுறை தேய்கிறது என்பது சில மாதங்களில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்தக் குறிப்பேடு இன்னொரு வகையிலும் உதவும். பழைய ஹெலிகாப்டரை வாங்கும்போது விற்பவரிடம் இப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பாதி நம்பலாம். மீதிக்குப் பிளேடு கிரிப்பைக் கழற்றி த்ரஸ்ட் பேரிங்கையும், வால் பெட்டியின் பல்சக்கரங்களையும், பேட்டரி செல்களின் உள்மின்தடையையும் பாருங்கள். எவ்வளவு குறைந்த விலைக்கு வாங்கினாலும் முதன்மைச் சுழலியையும் வாலையும் முழுவதும் பிரித்து, பழைய த்ரெட்லாக்கைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் பூட்டி, பிட்ச் அளவி கொண்டு மறுபடியும் அமைத்த பிறகே பேட்டரியைச் செருகுங்கள்.